ரோடா, தடமா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நான் பார்த்த வேலையை ஊரில் விளக்குவது சிரமம். "பாலைவனத்துல ரோடு இருக்கா இல்லையான்னு பார்க்கறதுக்குச் சம்பளமா?" என்று மாமா கேட்டார். ஏறக்குறைய அதுதான் வேலை. சால்ட் லேக் சிட்டியில் ஒரு சின்ன மேப்பிங் நிறுவனம். மத்திய அரசு நிலங்களின் ஜிஐஎஸ் என்னும் கணினி வரைபடங்களைச் சரிபார்க்கும் ஒப்பந்தங்கள் எங்களுக்கு வரும். வான்படத்தில் மெல்லிசாக ஒரு கோடு தெரியும். அது ரோடா, வெறும் வண்டித் தடமா என்று சொல்வதற்கான ஆதாரங்களைத் திரட்டிக் கோப்பில் சேர்க்க வேண்டும். முடிவெடுப்பது அதிகாரிகள். ஆனால் அந்தக் கோடு எதுவாகிறது என்பதைப் பொறுத்துப் பல்லாயிரம் ஏக்கரின் தலையெழுத்து மாறும்.

ஏன் என்பதற்குக் கொஞ்சம் சட்டக் கதை வேண்டும். 1964 செப்டம்பரில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வில்டர்னஸ் சட்டத்தில் கையெழுத்திட்டார். வில்டர்னஸ் என்றால் மனிதக் கைபடாமல் விட்டுவைக்கும் வனாந்தரம். எழுதியவர் இயற்கைப் பாதுகாப்பு ஆர்வலர் ஹோவர்டு ஸானிசர். எட்டு வருடம், அறுபத்துச் சொச்சம் வரைவுகள். சட்டம் நிறைவேறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, அந்த மே மாதத்தில் இறந்துபோனார். மனிதன் வந்து போகலாம், தங்கக் கூடாது. மோட்டார் கூடாது, ரோடு கூடாது, கட்டடம் கூடாது. இப்படி முதலில் 91 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டது. இன்று அது 11 கோடி ஏக்கரைத் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கு மேல் அலாஸ்காவில்.

அந்தச் சட்டத்தில் பி.எல்.எம். என்று எல்லோரும் சொல்லும் நில மேலாண்மைப் பணியகத்தின் நிலங்கள் சேர்க்கப்படவில்லை. இத்தனைக்கும் மேற்கு மாநிலங்களில் ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கர் அதன் கையில் இருக்கிறது. யாருக்கும் வேண்டாம் என்று மிஞ்சிய பொட்டல்தானே, அதில் காப்பாற்ற என்ன இருக்கிறது என்பதுதான் அன்றைய எண்ணம். 1976-ல் வந்த இன்னொரு சட்டம் அதைத் திருத்தியது. ரோடு இல்லாத, 5,000 ஏக்கருக்குக் குறையாத துண்டுகளையெல்லாம் 15 வருடத்துக்குள் ஆய்வு செய்து, எவை வில்டர்னஸ் ஆகத் தகும் என்று உள்துறைச் செயலர் (அங்கே பொது நிலங்களைக் கவனிக்கும் அமைச்சர்) ஜனாதிபதியிடம் சொல்ல வேண்டும்; ஜனாதிபதி காங்கிரஸிடம், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்திடம், சொல்ல வேண்டும். அறிவிக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கு மட்டுமே. அது தீர்மானிக்கும் வரை அந்த நிலத்தின் தகுதி கெடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடைசி வாக்கியம் எவ்வளவு வலுவானது என்பது எனக்குப் புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று.

ஆய்வு என்றதும் பறவை, செடி, நீரோட்டம் என்று கற்பனை செய்துகொண்டுதான் நானும் சேர்ந்தேன். நடைமுறையில் முதல் கேள்வியே ரோடுதான். 1976-ல் கீழவையின் குழு அறிக்கை ஒன்றில் இருந்த விளக்கத்தைத்தான் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்: இயந்திரங்களால் செப்பனிட்டுப் பராமரிக்கப்பட்டு, ஓரளவு தொடர்ந்து புழக்கத்தில் இருந்தால் அது ரோடு. வண்டிகள் போய்ப் போய் மட்டுமே உண்டானதென்றால் அது ரோடு ஆகாது. எத்தனை வருடம் ஓடியிருந்தாலும் ஆகாது.

யூட்டாவின் சான் ரஃபேல் ஸ்வெல் என்ற பாறைமேட்டுப் பகுதியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 1950-களில் அங்கே யுரேனியம் தேடி ஒரு பெரிய அலை வந்தது. அணுகுண்டுக்காக அரசே வாங்கிக்கொண்டதால் ஆளாளுக்கு புல்டோசரைக் கொண்டுவந்து மலைச்சரிவில் வழி வெட்டினார்கள். மழை குறைந்த மண்ணில் அந்த வெட்டுகள் ஆறவே இல்லை. ஒரு தடத்தின் முன்னால் நின்றால் நான் பார்ப்பது இவற்றை: இரண்டு சக்கரப் பள்ளங்களுக்கு நடுவே சேஜ் புதர் முளைத்திருக்கிறதா, முளைத்திருந்தால் எத்தனை உயரம், கிரேடர் இயந்திரம் ஒதுக்கிய மண்வரப்பு ஓரத்தில் இருக்கிறதா, ஓடை குறுக்கிடும் இடத்தில் குழாய் பதித்திருக்கிறார்களா, அல்லது வெள்ளம் அரித்துக்கொண்டு போன பள்ளம் அப்படியே கிடக்கிறதா. புதர் இடுப்புயரம் வளர்ந்து, அதன் அடித்தண்டு கட்டைவிரல் கனத்துக்கு மரமாகியிருந்தால் அந்த வழியில் வெகுகாலமாக வண்டி போகவில்லை. படம் எடுத்து, எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்று குறித்து, ஜிபிஎஸ் புள்ளியோடு படிவத்தில் ஏற்ற வேண்டும். மண்ணின் மேல் கருப்பாக, மொறுமொறுவென்று ஓர் உயிர்ப்படலம் படர்ந்திருக்கும். அதில் காலை வைத்தால் அந்தத் தடம் பல வருடங்கள் அப்படியே நிற்கும் என்பதால் கல்லுக்குக் கல் தாவித்தான் நடப்போம். புல்டோசர் தடத்தை அளக்கப் போனவர்கள் பாவம் பார்த்து நடப்பது வேடிக்கைதான்.

ரோடு என்று முடிவானாலும் ஆட்டம் முடிந்துவிடாது. பகுதிக்குள் நுழைந்து முட்டுச்சந்தாக நிற்கும் ரோடு என்றால், எல்லைக்கோடு அதன் ஒரு பக்கமாகப் போய், முனையைச் சுற்றி, மறு பக்கமாகத் திரும்பி வரும். ரோடு மட்டும் வெளியே, இரண்டு பக்கமும் உள்ளே. ஆபீஸில் இதைச் செர்ரிக் காம்பு என்பார்கள். யூட்டா வரைபடங்களில் காம்புகளுக்குக் குறைவே இல்லை.

அந்த வட்டாரத்தில் மாடு வளர்க்கும் ஒரு பெரியவர், நாங்கள் படம் எடுப்பதைப் பார்த்துவிட்டு பிக்கப்பை நிறுத்தினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். நிதானமாகத்தான் பேசினார். "எங்க தாத்தா இந்த வழியாத்தான் மாட்டை ஓட்டிட்டுப் போனார். இது ரோடு இல்லைன்னு நீங்க எழுதிட்டா அவர் எதுல போனாராம்?" அவர் பக்கமும் சட்டம் உண்டு. 1866-ஆம் வருடச் சுரங்கச் சட்டத்தின் ஒற்றை வாக்கியம், பொது நிலத்தில் நெடுஞ்சாலை போடும் உரிமையை வாரி வழங்கியது. 1976-ல் அதை ரத்து செய்தபோது, அதுவரை உண்டான உரிமைகளை விட்டுவைத்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு யூட்டா மாநிலம் 12,000-க்கும் மேற்பட்ட வழிகளுக்கு உரிமை கோரி வழக்குப் போட்டது. நான் இடுப்புயரப் புதரைப் படம் எடுத்த தடங்களை அந்தப் பட்டியலில் தேடிப் பார்க்கும் ஆர்வம் எனக்கு வந்ததில்லை என்று சொன்னால் பொய்.

படிவத்திலேயே எனக்குக் கொஞ்சமும் ஒப்பாத கேள்வி ஒன்று உண்டு: இங்கே தனிமைக்குச் சிறப்பான வாய்ப்பு இருக்கிறதா? சட்டத்தில் உள்ள கேள்விதான். மேடுபள்ளம் எத்தனை, மரம் மறைக்குமா, அடுத்த ஆள் கண்ணில் படுவாரா என்று ஏதேதோ எழுதி நிரப்புவோம். யூட்டாவின் சீடர் மலைப் பகுதியைப் பற்றிப் படித்தபோது சிரிப்பு வந்தது. 2006-ல், ராணுவச் செலவு தொடர்பான ஒரு சட்டத்துக்குள் செருகி அங்கே 1 லட்சம் ஏக்கரை வில்டர்னஸ் ஆக்கினார்கள். ஸ்கல் பள்ளத்தாக்கில் அணுக்கழிவைக் கொண்டுவந்து வைக்கத் திட்டமிட்டிருந்தவர்களின் ரயில் பாதையை மறிப்பது அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று. பக்கத்தில் விமானப்படைப் பயிற்சிக் களம் இருப்பதால், தாழப் பறக்கும் போர் விமானங்களுக்குத் தடையில்லை என்றும் அதே சட்டம் சொல்கிறது. தலைக்கு மேல் ஜெட், கீழே சட்டப்படியான தனிமை. ஆனாலும் நிலம் தப்பித்தது. வந்த வழியைப் பற்றி ரொம்ப யோசிக்கக் கூடாது போலிருக்கிறது.

அறிவித்த பிறகு நிர்வகிப்பது இன்னொரு உலகம். மாடு மேயலாம், ஏற்கெனவே மேய்ந்துகொண்டிருந்தால். சைக்கிள் போகக் கூடாது. பாதையில் மரம் விழுந்தால் மோட்டார் ரம்பத்தைத் தொடாமல் இரண்டு பேர் இழுக்கும் பழைய ரம்பத்தால்தான் பொதுவாக அறுக்கிறார்கள். விலங்குகளுக்குத் தண்ணீர்த் தொட்டி வைப்பதுகூட எளிதல்ல. அரிசோனாவின் கோஃபா சரணாலயத்தில் பெருங்கொம்பு ஆடுகள் குறைகின்றன என்று அதிகாரிகள் 2007-ல் இரண்டு தொட்டிகளைப் பதித்தார்கள். வழக்கு நடந்தது. தொட்டிகள் அவசியம்தான் என்பதை முறையாக நிறுவவில்லை என்று 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆட்டைக் காப்பதா, ஆட்டின் இடத்தைக் காப்பதா? என்னைக் கேட்டால் தொட்டியை வைத்திருப்பேன்.

மனிதன் தங்காத இடம் என்ற பேச்சையும் சான் ரஃபேல் ஸ்வெல்லில் உள்ள பக்ஹார்ன் வாஷ் பாறையின் முன்னால் நின்று படித்துப் பார்க்க வேண்டும். 2,000 வருடங்களுக்கும் முந்தைய செந்நிற உருவங்கள் அங்கே ஆளுயரத்துக்கு வரையப்பட்டிருக்கின்றன. தங்கியவர்கள் இருந்தார்கள். 1964-ல் எழுதியவர்கள் அவர்களைக் கணக்கில் வைக்கவில்லை.

ஆனால் இந்த வேலையில் என் மனதை மாற்றியது இவை எதுவும் அல்ல, தாமதம். யூட்டாவில் 32 லட்சம் ஏக்கரை ஆய்வுப் பகுதி என்று ஒதுக்கினார்கள். 1991-ல் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் (தந்தை புஷ்) அதில் 19 லட்சத்தைப் பரிந்துரைத்தார். காங்கிரஸ் அசையவில்லை. தொண்ணூறுகளில் உள்துறைச் செயலர் புரூஸ் பாபிட் மறுபடி கணக்கெடுக்கச் சொன்னார். தகுதியுள்ள நிலம் இன்னும் 26 லட்சம் ஏக்கர் வெளியே கிடப்பதாகத் தெரிந்தது. 2003-ல் அடுத்த அரசு யூட்டாவோடு சமரசம் செய்துகொண்டு, புதிதாக ஆய்வுப் பகுதிகளை உருவாக்குவதில்லை என்று ஒப்புக்கொண்டது. 2010-ல் தகுதியுள்ள நிலங்களைக் காக்கச் சொல்லி இன்னொரு உத்தரவு வந்தது. சில மாதத்தில் காங்கிரஸ் அதற்குப் பணம் தர மறுத்தது. இந்த இழுபறி முழுக்க, ஆரம்பத்தில் கோடு போட்ட நிலம் மட்டும் அப்படியே நின்றது. தற்காலிகம் என்று எழுதிய அந்த ஒரு வாக்கியத்தை வெட்டவும் ஆள் பலம் சேரவில்லை, நிரந்தரமாக்கவும் சேரவில்லை. மேற்கு முழுவதும் ஏறத்தாழ 1.1 கோடி ஏக்கர் இன்னும் ஆய்வுப் பகுதி என்ற பெயரில்தான் இருக்கிறது. ஆய்வு முடிந்து முப்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது.

சுற்றுச்சூழல்காரர்களும் மாட்டுக்காரர்களும் ஒத்துப்போகிற விஷயம், இந்த நிலை ஒழிய வேண்டும் என்பது. ஒருவருக்கு இது பாதி வெற்றி. மற்றவருக்குப் புதிய குழாய் ஒன்றைப் பதிக்க வேண்டுமென்றாலே அலைய வேண்டிய தொல்லை. எனக்கென்னவோ, இரு தரப்பும் திட்டுகிற இந்தத் தொங்கல்தான் எந்தப் பேச்சுவார்த்தையையும்விட அதிக நிலத்தைக் காத்தது என்று தோன்றுகிறது. பதில் தெரியாமல் இரண்டு தலைமுறை காத்திருக்கும் வீட்டில் நான் பிறக்கவில்லை, அதனால் சுலபமாகச் சொல்கிறேன் என்பதும் தெரியும்.

2019 மார்ச்சில் யூட்டாவின் எமெரி கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) மட்டும் முடிச்சு அவிழ்ந்தது. கவுண்டியே கேட்டு, பேரம் பேசி, ஏறத்தாழ 6.6 லட்சம் ஏக்கர் வில்டர்னஸ் ஆனது. இப்படிப்பட்ட சட்டங்களோடு ஒரு வரைபடமும் தாக்கலாகும். அதில் உள்ள எழுத்துப் பிழைகளைச் செயலர் பின்னர் திருத்திக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவும் இருக்கும். அந்தத் திருத்தங்களைச் செய்ய என் போன்றவர்கள் வேண்டும். கோடு ரோட்டின் ஓரத்திலிருந்து எத்தனை அடி தள்ளி ஓட வேண்டும் என்ற விவாதம், நான் அந்த வேலையை விட்டு வரும்போதும் மின்னஞ்சலில் நடந்துகொண்டிருந்தது.