ஒரு வெட்டு

"எடுத்துட்டு என்ன தம்பி வைப்பீங்க?"

"வரப்புல வேம்பு, இலந்தை, கொடுக்காப்புளி. நடுவுல குதிரைவாலி போடலாம்மா."

"அதெல்லாம் கைக்கு வர எத்தனை வருஷம் ஆகும்?"

"மூணு வருஷம்."

இவ்வளவுதான் பேச்சு. 2017 பிப்ரவரியில், முதுகுளத்தூர் பக்கம் ஒரு சீமைக் கருவேலங்காட்டின் ஓரத்தில் நின்று பேசியது. கருவையை எடுத்துவிட்டு வேறு மரம் வைக்கிற ஒரு திட்டத்துக்கு நிலக்காரர்களிடம் ஒப்புதல் வாங்குவது என் வேலை. அந்த அம்மா கொஞ்ச நேரம் கருவையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "மூணு வருஷம்னா ஒரு வெட்டு. சரி, ஒரு வெட்டுத்தானே" என்று சொல்லிவிட்டு ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டார்.

'ஒரு வெட்டு' என்று அவர் சொன்னது அப்போது என் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. நான் கையெழுத்தைத்தான் பார்த்தேன். அந்த வாரத்துக்குள் இன்னும் நாற்பது ஏக்கருக்கு ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது.

அந்த வருஷத்தைப் பற்றி எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2016 வடகிழக்குப் பருவமழை வந்த மாதிரியே இல்லை. மாநிலம் முழுக்கச் சராசரியைவிட 60 விழுக்காட்டுக்கு மேல் குறைவு. ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்கள் என்று அறிவித்தார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவுப்படி ஊர் ஊராகக் கருவையை அகற்றிக்கொண்டிருந்ததும் அதே சமயத்தில்தான். கருவை காற்றிலிருக்கிற ஈரத்தையே உறிஞ்சிவிடும், அதனால்தான் மழை இல்லை என்று கைபேசிகளில் செய்தி சுற்றியது. நான் அதை நம்பவில்லை. நானாக யாரிடமும் சொன்னதும் இல்லை. ஆனால் யாராவது என் முன்னால் சொன்னபோது மறுத்ததும் இல்லை. ஒப்புதல் வாங்க அந்தப் பேச்சு உதவியது.

அந்த வறட்சியில் பச்சையாக நின்றது கருவை ஒன்றுதான் என்பதை இப்போது யோசிக்கிறேன். அந்த அம்மாவுக்கு இரண்டு ஏக்கர் பட்டா. கணவர் இறந்த பிறகு உழவில்லாமல் கிடந்ததில் மண்டிய காடு அது. மூன்று, நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வியாபாரி வந்து நிற்கிற காட்டுக்கு விலை பேசி வெட்டிக்கொண்டு போவார். அதுதான் வெட்டு. விதை வேண்டாம், தண்ணீர் வேண்டாம், வேலியும் வேண்டாம். கருவை இலையை ஆடு சீண்டாது, நெத்தை, அதாவது முற்றிக் காய்ந்த காயை மட்டும் தேடித் தேடித் தின்னும். அவருடைய பதினொரு ஆடுகளும் அந்த வறட்சியில் அதுவரை பிழைத்தது நெத்தில்தான். வெட்டு இல்லாத மாதங்களில், விறகை அடுக்கி மண் பூசிக் கரியாக்குகிற கரிமூட்டத்தில் கூலி. புகை வெள்ளையாக வரும்வரை கட்டையில் ஈரம் இருக்கிறது, நீலமாகி மெலிந்தால் உள்ளே கரியாகிவிட்டது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். நாலு பங்கு விறகுக்கு ஒரு பங்கு கரி தேறும். புகை நீலமாகிற நேரத்தில் மூட்டத்தின் மேல் பூசிய மண் விரிசல் விட்டால் காற்று புகுந்து எல்லாம் சாம்பலாகிவிடும், அதனால் ராத்திரியும் ஒரு ஆள் படுத்துக்கிடக்க வேண்டும்.

ஆக அவர் வருஷத்தை நாட்காட்டியில் எண்ணவில்லை. வெட்டில் எண்ணினார். நான் மூன்று வருஷம் என்று சொன்னதும், ஒரு வெட்டுப் பணத்தை விட்டுக்கொடுத்தால் போதும், அதற்கப்புறம் புது மரங்கள் தாங்கிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கணக்கில் தப்பே இல்லை. நான் கொடுத்த எண்தான் கேள்விக்குரியது.

அந்த எண் என் வாயில் எப்படி வந்தது என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. குதிரைவாலி நூறு நாளில் அறுவடைக்கு வந்துவிடும். ஒட்டு இலந்தை இரண்டாம் வருஷமே காய்க்கத் தொடங்கும். கொடுக்காப்புளியும் தண்ணீர் காட்டினால் மூன்று, நான்கு வருஷத்தில் காய்க்கும். எனவே 'மூணு வருஷம்' ஆதாரமில்லாத பேச்சு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் தண்ணீர் காட்டினால் என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது. அவர் நிலத்தில் கிணறு இல்லை. சுற்றுவட்டாரத்தில் போர் போட்டவர்களுக்கெல்லாம் உப்புத் தண்ணீர். இதெல்லாம் எனக்குத் தெரியும். மண் பரிசோதனைப் படிவத்தை நிரப்பியவனே நான்தான்.

உண்மையைச் சொன்னால், மூன்று வருஷம் என்பது எங்கள் திட்டத்துக்கு நிதி இருந்த காலம். அதற்குள் முடிந்தாக வேண்டும் என்று எல்லாக் கூட்டத்திலும் பேசிப் பேசி, அதற்குள் முடிந்துவிடும் என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன். மரத்தின் காலமும் திட்டத்தின் காலமும் எனக்குள் ஒன்றாகிவிட்டன.

வேலை என்னவோ சுத்தமாகத்தான் நடந்தது. அதில் எனக்கு இன்றும் மனக்குறை இல்லை. கருவையைத் தரைமட்டத்தில் வெட்டிப் பயனில்லை. மண்ணுக்குக் கீழே ஒரு சாண் ஆழம்வரை தூரில் உறங்கும் மொட்டுகள் இருக்கும். அந்தப் பகுதிக்கும் கீழே போய் வேரை அறுத்தால்தான் தளிர்க்காது. ஜேசிபிக்காரர் அவசரப்பட்டபோதெல்லாம் நிறுத்தி, ஒவ்வொரு தூரையும் புரட்டிப் பார்த்தேன். தோண்டிய தூர்களை வைத்து அந்த அம்மா கடைசியாக ஒரு மூட்டம் போட்டார். தூர்க்கட்டைக் கரி கனமாக இருக்கும். அந்தப் பணம் எத்தனை மாதம் வரும் என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் கருவை அகற்ற உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை வந்தது. அகற்றுவதால் என்ன ஆகும் என்று முறையாக ஆராய்ந்தீர்களா என்ற கேள்வி அப்போதுதான் பெரிதாக எழுந்தது. அவருடைய நிலத்தில் அதற்குள் எல்லாம் முடிந்து வெறும் மண் தெரிந்தது.

வேலை நடந்த ஒருநாள் மதியம், "இந்தக் கருவையையும் உங்கள மாதிரி ஆளுகதான் நல்லதுன்னு சொல்லி விதைச்சிட்டுப் போனாங்கன்னு எங்க மாமனார் சொல்வாரு" என்றார். குத்திக்காட்டுகிற குரலில் சொல்லவில்லை, ஊர்க்கதை சொல்வது போலத்தான் சொன்னார். 1870களில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தியாவுக்கு வந்த மரம் இது. விறகுப் பஞ்சத்துக்கு மருந்தாக வறண்ட மாவட்டங்களில் பரப்பப்பட்டது. (கொடுக்காப்புளியும் அந்தக் கண்டத்திலிருந்து வந்ததுதான். அதை யாரும் அந்நிய மரம் என்று சொல்வதில்லை.) அன்றைக்கு விதை தூவ வந்தவரிடமும் யாராவது ஒருத்தர் எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டிருப்பார். அவரும் ஏதோ ஒரு எண்ணைச் சொல்லியிருப்பார்.

முதல் வருஷம் ஐப்பசியில் மழை கிடைத்தது. குதிரைவாலி இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வந்து கதிர் சாய்ந்தது. அந்த அம்மா ஒரு சின்னத் துணிப்பையில் கட்டிக்கொடுத்த குதிரைவாலியை வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லோரிடமும் காட்டினேன். "பாத்தீங்களாம்மா" என்று அவரிடம் சொன்னேன். அந்த வார்த்தைதான் 'மூணு வருஷ'த்தைவிட இப்போது அதிகமாக உறுத்துகிறது. அந்த விளைச்சலில் பெரும்பங்கு கருவை கொடுத்தது. காற்றிலிருக்கிற நைட்ரஜனை வேர்முடிச்சுகளில் பிடித்து வைக்கிற மரம் அது. இருபது வருஷம் இலையுதிர்த்துத் தழைச்சத்தும் மக்கிய சருகும் சேர்த்து வைத்த மண்ணில்தான் நாங்கள் விதைத்தோம். படித்தவனுக்கு அது தெரியும். அடுத்த வருஷம் இப்படி வராது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொள்கிறேன். என் சந்தோஷத்தையும் சேர்த்துத்தான் காப்பாற்றிக்கொண்டேன்.

2018இல் மழை மறுபடியும் குறைவு. நட்ட நூற்றறுபது கன்றுகளில் முப்பத்தெட்டு மிஞ்சின. கிடைத்த கொஞ்ச மழைக்கு எது முளைத்தது என்றால், கருவை. நிலம் பூராவும் தரையோடு தரையாகப் பச்சைப் புள்ளிகள். குனிந்து ஒன்றைப் பிடுங்கினேன். மேலே விரல் நீளம்கூட இல்லை, இரண்டு விதையிலையும் ஒரு கொத்துச் சின்ன இலையும். ஆனால் வேர் வந்துகொண்டே இருந்தது, முழங்கையை எட்டுகிற இடத்தில் அறுந்தது. அறுந்த நுனியில் மண் ஈரமாக இருந்தது. மேல் மண் காய்ந்து பொடியாகக் கிடக்க, அந்தக் கன்று அதற்குள் ஈரத்தைத் தேடிப் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. பக்கத்தில் ஒரு ஆட்டுப் புளுக்கை. பிட்டுப் பார்த்தால் உள்ளே பழுப்பு விதை. ஆட்டின் வயிற்றில் ஊறி வெளியே வந்த விதை சீக்கிரம் முளைக்கும். மண்ணுக்குள் கிடக்கிற மற்ற விதைகளோ வருஷக்கணக்கில் காத்திருக்கும்.

அதனால் கருவையை எடுப்பது ஒரு நாள் வேலை இல்லை. வருஷம் இரண்டு உழவு, அதுவும் பல வருஷம், விடாமல் போட வேண்டும். திட்டத்தில் உழவுக்கு முதல் வருஷத்துக்கு மட்டும்தான் பணம் ஒதுக்கியிருந்தார்கள். நான் கேட்டேன். இரண்டு கடிதம் எழுதினேன். மூன்றாவது எழுதியிருக்கலாம். நெத்து இல்லாததால் அந்த அம்மா ஆறு ஆடுகளை விற்றுவிட்டார் என்பதை எந்தக் கடிதத்திலும் நான் எழுதவில்லை. அதை எழுத எங்கள் படிவத்தில் இடம் இல்லை. இடம் இல்லாவிட்டாலும் எழுதியிருக்கலாம்.

திட்டம் முடிந்து வேறு வேலைக்கு வந்துவிட்டேன். 2021இல் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது இறங்கிப் பார்த்தேன். வரப்பில் பதினான்கு வேம்பு நின்றது, நல்ல நிழல். நடுவில் பாதி நிலம் கருவை, தோள் உயரம். அந்த அம்மா, "வாங்க தம்பி" என்று கூப்பிட்டு வேப்ப மரத்தடியில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"நான் மூணு வருஷம்னு சொன்னேன்மா" என்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அதைத்தான் சொன்னேன்.

"மழை பெய்யல. அதுக்கு நீங்க என்ன செய்வீங்க?" என்றார். அப்புறம் கருவைப் பக்கம் கையைக் காட்டி, "அடுத்த வருஷம் ஒரு வெட்டு வெட்டிரலாம்" என்றார்.

மழை மட்டும் காரணமில்லை என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். உழவைப் பற்றி, விதையைப் பற்றி, எனக்கு முன்பே தெரிந்திருந்ததைப் பற்றி. அவர் கொடுத்த மன்னிப்பு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது, வாங்கிக்கொண்டேன். தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

கருவையை எடுக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கண்மாய்க்குள் நிற்கிற கருவையை எடுத்துத்தான் ஆக வேண்டும். வரத்துக்கால் அடைபட்டுத் தண்ணீரே ஏறாத கண்மாய்களைப் பார்த்திருக்கிறேன். 2022இல் அயல் தாவரங்களை அகற்ற அரசு தனியாகக் கொள்கை வெளியிட்டபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். இன்றும் என் வேலை அதுதான். ஆனால் ஒருவருடைய பட்டா நிலத்தில், அவருடைய சேமிப்பாக நிற்கிற மரத்தை எடுக்கச் சொல்லும்போது என்ன சொல்ல வேண்டும்? பத்து வருஷம் ஆகும், ஆறேழு வருஷம் விடாமல் உழ வேண்டும், ஆடுகளுக்கு வேறு தீனி பார்க்க வேண்டும் என்று சொன்னால் அந்த அம்மா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். இரண்டு வெட்டுப் பணமும் பதினொரு ஆடுகளும் அவரிடம் இருந்திருக்கும். பதினான்கு வேம்பு இருந்திருக்காது. எது மேல் என்று கணக்குப் போட எனக்கு வரவில்லை.

கொஞ்ச காலம் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். பத்து வருஷம் என்பேன். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். என் பெயருக்கு எதிரே ஏக்கர் கணக்கு ஏறவில்லை, மேலிடத்தில் கேட்டார்கள்.

போன மாதம் சிவகங்கைப் பக்கம் ஒரு இளைஞர் கேட்டார். ஐந்து ஏக்கர், பாதிக்கு மேல் கருவை. போர் இருக்கிறது, தண்ணீர் உப்பில்லை என்றார். நான் போய்ப் பார்க்கவில்லை.

"பலன் வர எத்தனை வருஷம் சார் ஆகும்?"

"தண்ணி இருக்குல்ல? நாலு வருஷம்" என்றேன்.

தண்ணீர் இருந்தால் அது சரியான கணக்குத்தான். பேருந்தில் திரும்பும்போது, அவரிடம் எத்தனை ஆடு இருக்கிறது என்று கேட்காமல் வந்துவிட்டது ஞாபகம் வந்தது. அலைபேசி எண் வைத்திருக்கிறேன். இன்னும் கூப்பிடவில்லை.