ஒரே கிளாஸ், இரண்டு ஜார்

சோழிங்கநல்லூர், நவம்பர் 11, திங்கள்

டெஸ்ட் சர்வரில் ஒழுங்காக ஓடும் ரிலீஸ், புரொடக்‌ஷனில் விழுகிறது: ‘நோ சச் மெத்தட் எரர்’, அதாவது கூப்பிட்ட மெத்தட் கிளாஸில் இல்லை. லாக் காட்டும் இடம், குவாவா என்ற ஜாவா லைப்ரரியில் உள்ள செட்ஸ் கிளாஸின் ‘நியூ கன்கரன்ட் ஹாஷ்செட்’. கம்பைல் பண்ணும்போது இருந்த மெத்தட் ஓடும்போது காணோம் என்றால் முதலில் கிளாஸ்பாத்தைத்தான் (ஜாவா கிளாஸ்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) பார்க்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு கிளாஸ் இருந்தாலும் ஜாவா வாய் திறக்காது. முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளும். அதில் லைப்ரரிகள் கிடக்கும் லிப் ஃபோல்டருக்கு நட்சத்திரக் குறி போட்டிருந்தால் எந்த ஜார் (கிளாஸ்களைக் கட்டி வைத்த ஸிப் ஃபைல்) முதலில் வரும் என்பதற்கு உத்தரவாதமே கிடையாது. இரண்டு சர்வரிலும் ஒரே ஃபைல்கள் இருந்தும் நடத்தை மாறுவது இதனால்தான்.

நவம்பர் 12, செவ்வாய்

ஃபைல் பெயர்களை வரிசைப்படுத்திப் பார்த்ததில் காமன்ஸ் லாங் லைப்ரரியின் 3.9, 3.12 ஜார்கள் இரண்டும் கிடக்கின்றன. பழைய ஃபோல்டரைக் காலி செய்யாமல் புது ரிலீஸை மேலேயே காப்பி பண்ணினால் இப்படித்தான் சேரும். பழையதை நீக்கியாயிற்று. எரர் போகவில்லை.

நவம்பர் 13, புதன்

மழை, விபிஎன் இழுக்கிறது. ஜார்களை இறக்காமல் சர்வரிலேயே தேட வேண்டியதாயிற்று. அங்கே இருப்பது வெறும் ஜேஆர்இ (ஜாவாவை ஓட்ட மட்டும்). ஜாரைத் திறக்கும் ‘ஜார்’ கமாண்ட், ஜேடிகே என்ற டெவலப்பர் தொகுப்போடுதான் வரும். அன்ஸிப் போதும். ஒவ்வொரு ஜாரின் பட்டியலிலும் ‘.கிளாஸ்’ என்று முடியும் வரிகளை மட்டும் எடுத்து, முன்னால் ஜார் பெயரை ஒட்டி ஒரே ஃபைலில் சேர்க்கவும். மாட்யூல்-இன்ஃபோ என்ற விவரக் கிளாஸ் பல ஜார்களில் இருக்கும், அதைக் கழித்துவிடவும். பிறகு கிளாஸ் பெயர்களை மட்டும் சார்ட் செய்து யூனிக் கமாண்டின் ‘டி’ ஆப்ஷனில் விட்டால் இரட்டைகள் மட்டும் மிஞ்சும்.

மிஞ்சியவை: குவாவாவும் கூகுள் கலெக்‌ஷன்ஸ் 1.0-வும். இரண்டாவது, குவாவாவுக்கு முந்தைய அவதாரம். பேக்கேஜ் பெயர் அதே, ஜார் பெயர் வேறு. ஃபைல் பெயரை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது ஒருநாளும் படாது. நம் மெத்தட் குவாவா 15-ல்தான் வந்தது.

எல்லா இரட்டையும் ஆபத்து என்று சொல்ல முடியாது. அன்ஸிப்பின் ‘வி’ ஆப்ஷன் ஒவ்வொரு கிளாஸுக்கும் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சிஆர்சி-32 என்ற சரிபார்ப்பு எண்ணைக் காட்டும். எண் ஒன்றானால் உள்ளடக்கமும் ஒன்றே என்று கொள்ளலாம். வேறானால் உடனே கவனிக்க வேண்டும். செட்ஸுக்கு வேறு வேறு எண்.

‘வெர்போஸ் கிளாஸ்’ ஆப்ஷனோடு சர்வரை ஏற்றினால் செட்ஸ் எந்த ஜாரிலிருந்து ஏறியது என்று வரி வரியாகச் சொல்லிவிடும். கூகுள் கலெக்‌ஷன்ஸிலிருந்துதான்.

நவம்பர் 14, வியாழன்

லைப்ரரிகளை இழுத்து வந்து பில்ட் செய்யும் மேவன், இரண்டு ஜாரின் அடையாளப் பெயர்களான குரூப் ஐடி, ஆர்ட்டிஃபாக்ட் ஐடி இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் ஒன்றைக் கழிக்கும். இங்கே அவை வேறு, அதனால் இரண்டையும் இழுத்து வந்தது. எந்த லைப்ரரி எதை இழுக்கிறது என்று காட்டும் டிபென்டென்சி ட்ரீயில் பார்த்தால், பழைய ரிப்போர்ட் லைப்ரரி ஒன்று கூகுள் கலெக்‌ஷன்ஸைக் கொண்டுவருகிறது. அங்கேயே எக்ஸ்க்ளூஷன் (விலக்கு) போட்டாயிற்று.

இனி பில்டிலேயே பிடிக்க, மேவனின் என்ஃபோர்சர் பிளகினில் ‘பேன் டூப்ளிகேட் கிளாசஸ்’ விதி. ‘ஃபைண்ட் ஆல் டூப்ளிகேட்ஸ்’ என்பதை ட்ரூ ஆக்காவிட்டால் முதல் இரட்டையோடு நின்றுவிடும். இன்னொரு ஜாருக்குள்ளேயே பேக்கேஜ் பெயர் மாற்றாமல் ஷேட் செய்து (சேர்த்துக் கட்டி) வைத்த கிளாஸ்கள் டிபென்டென்சி ட்ரீயில் தெரியாது; இந்த விதி ஜாரைத் திறந்தே பார்ப்பதால் அவையும் சிக்கும்.