நெற்றியில் ஒரு பட்டை, நெஞ்சில் ஐந்து வயர்

பித்தப்பையில் கல், துளை போட்டு எடுத்துவிடலாம் என்று சர்ஜன் சொன்னபோது கத்தியைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. கப்பலூரில் லேத் பட்டறை நடத்துகிறவனுக்கு வெட்டுக்காயம் புதிதில்லை. பயந்தது மயக்கத்துக்குத்தான். பாதியில் முழிப்பு வந்து, வலிக்கிறது என்று சொல்லக்கூட முடியாமல் கிடந்தால்? இந்த மாதிரிக் கதை சொல்ல டீக்கடையில் ஆளுக்கா பஞ்சம்?

போதாக்குறைக்கு ஈ.சி.ஜி.யில் எல்.பி.பி.பி. என்று வந்தது. ‘பிளாக்’ என்றதும் வீட்டில் அழுகை. அது ரத்தக்குழாய் அடைப்பு இல்லை, இதயத்தின் இடது பக்கத்துக்கு மின்துடிப்பு போகிற பாதையில் தடை என்று இதய டாக்டர் படம் போட்டுக் காட்டிய பிறகுதான் அடங்கியது. எக்கோவில் இதயம் நன்றாகச் சுருங்கி விரிந்ததால் ஃபிட்னஸ் எழுதிக் கொடுத்தார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க டாக்டர் வார்டுக்கே வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். வாயைத் திறக்கச் சொன்னார், ஆடுகிற பல் உண்டா என்றார், கழுத்தைப் பின்னால் சாய்த்துப் பார்த்தார். என் மாத்திரைகளில் எதைக் காலையில் ஒரு மடக்குத் தண்ணீரோடு போடலாம், எதை விட வேண்டும் என்று தனித்தனியாக எழுதினார். சாப்பாடு ஆறு மணி நேரத்துக்கு முன்னால் நிறுத்தணும், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம்.

“பாதியில முழிச்சுட்டா என்ன செய்வீங்க டாக்டரம்மா?” என்று கேட்டே விட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் எடுத்து 2014-ல் வெளியிட்ட கணக்கைச் சொன்னார். அப்படி முழிப்பு வந்ததாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 19,000 மயக்கத்துக்கு ஒருவர். தசையைத் தளர்த்தும் மருந்து போட்டவர்களை மட்டும் எடுத்தால் 8,000-க்கு ஒருவர். “அந்த மருந்து உங்களுக்கும் உண்டுங்கய்யா. முழிப்பு வந்தாலும் உங்களால கையை அசைச்சுக் காட்ட முடியாது. அதனாலதான் மூளையையும் பார்க்கப் போறேன்.” உண்மையைச் சொன்னதால் எனக்குப் பாதி பயம் போனது.

தியேட்டரில் நடுங்குகிற ஏ.சி. நெஞ்சில் ஐந்து ஸ்டிக்கர், ஐந்து வயர். விரலில் கிளிப், கையில் பி.பி. பட்டி. இவையெல்லாம் தெரிந்ததுதான். நெற்றியில் குறுக்காக ஒட்டிய பட்டைதான் புதுசு. பிஸ் மானிட்டராம். மூளையின் மின்னலைகளை வாங்கி 0 முதல் 100 வரை ஒரு எண்ணாகக் காட்டும். எனக்கு 97 ஓடியது. ஆபரேஷனின்போது 40-க்கும் 60-க்கும் நடுவில் நிறுத்தி வைப்பார்களாம்.

பட்டறைக்காரன் புத்தி, விடவில்லை: “மீட்டரை அப்படியே நம்பிருவீங்களா?” நெற்றித் தசை துடித்தாலே எண் ஏறும், சர்ஜன் சுடுகிற காட்டரி கரண்டும் குழப்பும், கெட்டமைன் என்ற மயக்க மருந்து கொடுத்தால் ஆள் நல்ல மயக்கத்தில் இருக்கும்போதே எண் கூடலாம் என்றார். அதனால் எண்ணோடு அலையையும், நாடி, பி.பி.யையும் சேர்த்துத்தான் முடிவு செய்வாராம். அளவு காட்டும் டயல் கேஜ் முள் ஆடினால் கடைகிற ஜாப்பையும் பார், கேஜையும் பார் என்று நான் பையன்களிடம் கத்துவது இதைத்தானே! அதற்குள் பால் மாதிரி வெள்ளை மருந்து நரம்பில் எரிச்சலோடு ஏறியது. அவ்வளவுதான் தெரியும்.

கண் முழித்தபோது தொண்டையில் கரகரப்பு. வலது தோள்பட்டையில் குத்துகிற வலி. ஹார்ட்டுதான் போச்சு என்று நினைத்தேன். உடனே ஈ.சி.ஜி. எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டார்கள், மாற்றமில்லை. வயிற்றை உப்பவைக்க அடித்த கரியமில வாயுவில் மிச்சம் இருந்தது உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில் தெரியுமாம். இதை முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் மயக்கச் சார்ட்டைக் காட்டச் சொன்னேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாடி, பி.பி., மூச்சில் வெளியேறும் கரியமில வாயு, பிஸ் எண் எல்லாம் வரிசையாக இருந்தன. பிஸ் நாற்பதுகளிலேயே நடந்து கடைசியில்தான் ஏறுகிறது. ஆனால் தொடக்கத்தில் ஒரு இடத்தில் நாடி 74-லிருந்து 42! வயிற்றில் வாயு ஏறி உள்சவ்வு இழுபட்டால் வேகஸ் நரம்பு இதயத்தை மந்தமாக்கிவிடும். சர்ஜனிடம் சொல்லி வாயுவை இறக்கி, நாடியை ஏற்றும் அட்ரோபின் மருந்து போட்டு, நாடி தேறியதும் மெதுவாகத் திரும்ப ஏற்றினார்களாம். மயக்க டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் போய்விடுவார் என்று நினைக்கிறவர்கள் அந்தச் சார்ட்டை ஒருமுறை பார்க்க வேண்டும்.

அந்த நெற்றிப் பட்டை ஒருமுறைதான் பயன்படும். பில்லில் தனி வரி. அந்த மெஷின் இல்லாத ஆஸ்பத்திரி என்றால் ஓட வேண்டியதில்லை. வாயு மயக்கத்தில், மூச்சில் வெளிவரும் மயக்க வாயுவின் அளவைக் கண்காணிப்பதைவிட பிஸ் மேல் என்று 2011-ல் வெளியான பெரிய ஆய்வில் நிரூபணமாகவில்லை என்று மயக்க டாக்டரே சொன்னார். முடியும்வரை மயக்க டாக்டர் கூடவே இருப்பாரா என்று கேளுங்கள், அது முக்கியம்.

அந்த 42-ஐ டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்கிக்கொண்டேன். எல்.பி.பி.பி. உள்ளவனுக்குப் புது ஈ.சி.ஜி.யை மட்டும் வைத்து மாரடைப்பா இல்லையா என்று சொல்வது கஷ்டமாம். அதனால் பழைய ஈ.சி.ஜி. நகல் ஒன்று அந்தச் சம்மரியோடு, இன்னொன்று பட்டறை மேஜையில், போட்டோ மகள் போனில்.