டொமைன் மாற்றும்போது கூகுள் தேடலில் இருந்த இடத்தைத் தக்கவைப்பது

டொமைன் மாற்றிய பிறகு தேடலில் சரிந்த தளங்களைப் பார்த்தால், பெரும்பாலும் குற்றவாளி புது டொமைன் அல்ல, அதோடு சேர்த்துச் செய்த மற்ற வேலைகள்தான். எப்படியும் மாற்றுகிறோமே என்று டிசைனை மாற்றுவார்கள், யூஆர்எல் அமைப்பை மாற்றுவார்கள், பழைய கட்டுரைகளில் பாதியைத் தூக்கிவிடுவார்கள். பிறகு டிராஃபிக் இறங்கினால் எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் விதி ஒன்றுதான்: டொமைன் மாறும் அன்று டொமைன் மட்டும்தான் மாறும்.

புது டொமைனை வாங்கும் முன் அதில் முன்பு என்ன இருந்தது என்று வேபேக் மெஷினில் (இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமிக்கும் தளம்) பார்த்துவிடுங்கள். வாங்கியதும் சர்ச் கன்சோலில் (தள உரிமையாளர்களுக்கான கூகுளின் இலவசக் கருவி) சேர்த்து, மேனுவல் ஆக்‌ஷனோ (விதிமீறலுக்காகக் கூகுள் ஊழியர்கள் விதிக்கும் தண்டனை) முகவரி நீக்கக் கோரிக்கையோ நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பழைய முகவரிகளின் முழுப் பட்டியல். சைட்மேப் (தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிக்குப் பட்டியலிடும் கோப்பு) மட்டும் போதாது. தளத்துக்குள் இணைப்பே இல்லாமல், வெளித்தளங்களின் இணைப்பால் மட்டும் உயிரோடு இருக்கும் பக்கங்கள் அதில் வராமல் போகலாம். ஸ்க்ரீமிங் ஃப்ராக் போன்ற க்ராலர் (இணைப்புகளைப் பின்தொடர்ந்து பக்கங்களைத் திரட்டும் மென்பொருள்), சர்வர் லாக் (சர்வருக்கு வந்த கோரிக்கைகளின் பதிவு), சர்ச் கன்சோலின் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கை, இணைப்புகள் அறிக்கை என நான்கையும் சேர்த்துத் தொகுக்க வேண்டும். பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையைத் திரையிலிருந்து இறக்கினால் 1,000 வரிகளோடு நின்றுவிடும். அதற்கு மேல் வேண்டுமானால் ஏபிஐ (நிரல் எழுதித் தரவைக் கேட்டுப் பெறும் வசதி) வழியாகத்தான். அந்தத் தரவு 16 மாதங்களுக்கு மட்டுமே இருக்கும் என்பதால் மாற்றத்துக்கு முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட அதை விட்டால் வேறு ஆதாரம் கிடையாது.

ரீடைரக்டில்தான், அதாவது பழைய முகவரிக்கு வருபவரைப் புது முகவரிக்குத் திருப்பிவிடுவதில்தான், முக்கால்வாசி தளங்கள் கோட்டைவிடுகின்றன. பழைய பக்கம் ஒவ்வொன்றும் அதே உள்ளடக்கம் உள்ள புதுப் பக்கத்துக்கு 301-ஆக (நிரந்தரமாக மாறிவிட்டது என்று சொல்லும் சர்வர் குறியீடு) போக வேண்டும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால் கூகுள் அவற்றை சாஃப்ட் 404, அதாவது இல்லாத பக்கங்கள், என்று எடுத்துக்கொள்ளும். அந்தப் பக்கங்கள் சேர்த்த மதிப்பு அத்தோடு போச்சு. டொமைன் பதிவாளர்கள் (டொமைனை விற்கும் நிறுவனங்கள்) தரும் 'ஃபார்வர்டிங்' வசதியை நம்ப வேண்டாம். பலவற்றில் பாதை (முகவரியில் டொமைனுக்குப் பின் வரும் பகுதி) கழன்று முகப்புக்கே போகும், சிலவற்றில் ஹெச்டிடிபிஎஸ் வேலை செய்யாது. பழைய டொமைனை ஒரு சர்வரில் வைத்து, அதன் எஸ்எஸ்எல் சான்றிதழையும் (ஹெச்டிடிபிஎஸ் இணைப்புக்குத் தேவையானது) தொடர்ந்து புதுப்பித்து வாருங்கள். சான்றிதழ் காலாவதியானால் வாசகருக்குத் தெரிவது ரீடைரக்ட் அல்ல, எச்சரிக்கைத் திரை.

சங்கிலியும் கூடாது. ஹெச்டிடிபியிலிருந்து ஹெச்டிடிபிஎஸ், அங்கிருந்து டபிள்யூடபிள்யூடபிள்யூ, பிறகுதான் புது டொமைன் என்று போகாமல் ஒரே தாவலில் போய்ச் சேர வேண்டும். கூகுள்பாட் (பக்கங்களைத் திரட்டும் கூகுளின் க்ராலர்) 10 தாவல்கள் வரை பின்தொடரும் என்பது சோம்பலுக்கான அனுமதி அல்ல. முன்பே எழுதிவைத்த பழைய ரீடைரக்டுகளின் இலக்கையும் இறுதி முகவரிக்கு மாற்றிவிடுங்கள்.

தமிழ் முகவரி உள்ள தளங்களுக்குத் தனித் தலைவலி உண்டு. தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் முகவரியில் விழுக்காட்டுக் குறி வடிவத்துக்கு (% குறியோடு எழுதுவது) மாறும்போது 9 எழுத்துகள் பிடிக்கும். கொம்பும் புள்ளியும் தனிக் கணக்கு. தளம் நடத்தப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள் அந்த வடிவத்தில் 200 எழுத்துகளுக்கு மேல் சேமிக்காது. ஆக 22 குறிகளோடு முகவரி வெட்டுப்படும். தலைப்பிலிருந்து முகவரியை ஊகித்துப் பட்டியல் போட்டால் தவறாகத்தான் வரும். டேட்டாபேஸில் உள்ளதையே எடுங்கள். அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளில் ரீடைரக்ட் எழுத உதவும் ரீரைட் விதி, குறிநீக்கிய பாதையோடுதான் (% வடிவம் மீண்டும் தமிழ் எழுத்தான பிறகு) ஒப்பிடும். அங்கே விழுக்காட்டு வடிவத்தில் எழுதிய விதி பொருந்தவே பொருந்தாது. இலக்கில் அப்படி எழுதினாலோ, என்இ கொடி (இலக்கில் உள்ள குறிகளை மாற்றாதே என்று விதியில் சேர்க்கும் குறிப்பு) இல்லாவிட்டால் % என்பது %25 ஆகி 404-இல் முடியும். பாதையைத் தொடாமல் அப்படியே கடத்தும் ஒரே பொதுவிதி போட்டால் இந்தத் தொல்லை ஏதும் இல்லை. பாதை மாறாமல் வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

டேட்டாபேஸில் பழைய டொமைன் பெயரை எஸ்க்யூஎல் ரீப்ளேஸ் (டேட்டாபேஸில் நேரடியாகச் சொல்லை மாற்றும் கட்டளை) போட்டு மாற்றாதீர்கள். சீரியலைஸ் செய்த (பல மதிப்புகளை ஒரே சரமாகக் கோத்துச் சேமித்த) தரவில் எழுத்து எண்ணிக்கையும் பதிவாகியிருக்கும். பெயரின் நீளம் மாறினால் விட்ஜெட்டும் தீம் அமைப்பும் காணாமல் போகும். வேர்ட்பிரஸ் கமாண்ட் லைன் கருவியின் தேடி மாற்றும் கட்டளை இதைச் சரியாகக் கையாளும். பிறகு கெனானிக்கல் (பக்கத்தின் முதன்மை முகவரி இதுதான் என்னும் குறிப்பு), ஹெச்ரெஃப்லாங் (பிற மொழிப் பதிப்புகளைக் காட்டும் குறிப்பு), சைட்மேப், ஸ்கீமா (பக்கத்தின் விவரங்களைத் தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு), படங்களின் முகவரி ஆகியவற்றில் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுங்கள். கெனானிக்கல் பழைய டொமைனைக் காட்டி, ரீடைரக்ட் புதியதைக் காட்டினால் கூகுளுக்கு இரண்டு முரணான தகவல்கள். சோதனைத் தளத்தில் போட்ட நோஇண்டெக்ஸை (தேடலில் சேர்க்காதே என்னும் குறிப்பு) கழற்ற மறப்பது ரொம்பச் சாதாரணம்.

பழைய டொமைனின் ரோபாட்ஸ் கோப்பில் (க்ராலர்கள் எங்கே போகலாம் என்று சொல்லும் கோப்பு) எதையும் தடுக்கக் கூடாது. தடுத்தால் கூகுள்பாட் ரீடைரக்டைப் பார்க்கவே முடியாது.

மாற்றத்துக்கு முந்தைய நாளே டிஎன்எஸ் டிடிஎல்லை (டொமைன் எந்த சர்வரைக் காட்டுகிறது என்ற தகவலை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 நொடியாகக் குறைத்துவிடுங்கள். மாற்றியதும் முழுப் பட்டியலையும் க்ராலரில் ஓட்டி, ஒவ்வொன்றும் 301 தந்து, சரியான பக்கத்தில் 200-ஆக (பக்கம் கிடைத்தது என்னும் குறியீடு) முடிகிறதா என்று பாருங்கள். பிரவுசரில் மட்டும் பார்த்தால் ஏமாறலாம். அது 301-ஐ நினைவில் வைத்துக்கொள்ளும்.

எல்லாம் சரியாக இருந்தால்தான் தளம் இடம் மாறியதைக் கூகுளுக்குத் தெரிவிக்கும் சர்ச் கன்சோலின் முகவரி மாற்றக் கருவிக்குப் போக வேண்டும். பழையது, புதியது இரண்டுக்கும் ஒரே கணக்கில் உரிமை இருக்க வேண்டும். சப்டொமைன்கள் தானாகச் சேராது, டபிள்யூடபிள்யூடபிள்யூ உட்பட. ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கொடுங்கள். டிஸவோ கோப்பு (கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளிடம் சொல்லும் வெளி இணைப்புகளின் பட்டியல்) வைத்திருந்தால் அதையும் புது டொமைனுக்கு மறுபடி ஏற்றுங்கள், அது தானாக வராது.

அடுத்த சில வாரங்கள் ஏற்ற இறக்கம் இருக்கும். சர்ச் கன்சோலில் பழைய டொமைனின் டிராஃபிக் கோடு இறங்க இறங்கப் புதியது ஏறினால் வேலை நடக்கிறது என்று பொருள். ஒரு பிரிவு மட்டும் எழாமல் இருந்தால் அந்தப் பிரிவின் ரீடைரக்டையும் கெனானிக்கலையும் பாருங்கள். பதறிப்போய்ப் பழைய டொமைனுக்கே திரும்புவதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு, கூகுளுக்கு அது இன்னொரு இடமாற்றம்.

ரீடைரக்டை ஒரு வருடமாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். வெளித்தளங்களின் இணைப்பு பழைய பெயருக்கு இருக்கும்வரை நாங்கள் அதை எடுப்பதே இல்லை. டொமைன் புதுப்பிப்பைத் தானியங்கியில் போட்டுவிட்டு, எம்எக்ஸ் பதிவுகளையும் (மின்னஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்பவை) அப்படியே விட்டுவிடுங்கள். பழைய மின்னஞ்சலுக்கு இன்னும் நெடுநாள் கடிதம் வரும்.