அந்த நாலு பிரிண்ட்

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பதினாலு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பத்திரம், வில்லங்கம், பட்டா நகல் என்று ஓடும். நடுவில் கல்யாணம் பதியச் சோடிகளும் வருவார்கள். ஆதாரை நீட்டும்போது அந்தப் பெண்ணின் கை நடுங்கினால், வீட்டுக்குத் தெரியாமல் வந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிடும்.

போன வாரம் சந்தைத் திடலில் எங்கள் தொகுதி வேட்பாளர் பேசினார். தார்ச்சாலை, குடிநீர் எல்லாம் சொன்னார். அப்புறம், சாதி மாறிக் காதலிப்பதெல்லாம் ஏமாற்று என்கிற 'நாடகக் காதல்' பேச்சை ஆரம்பித்தார். பெற்றவர்கள் கையெழுத்து இல்லாமல் காதல் கல்யாணத்தைப் பதியக் கூடாது, அதற்குச் சட்டம் வரப் போராடுவேன் என்றார். சாலைக்குக் கிடைக்காத கைத்தட்டல் இதற்குக் கிடைத்தது. இரண்டு தேர்தலில் அவருடைய சின்னத்துக்குப் போட்டவன் நான். இந்தத் தடவை போடமாட்டேன்.

1954 சிறப்புத் திருமணச் சட்டப்படி மனு கொடுத்தால், அந்த அறிவிப்பை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள். ஆட்சேபம் சொல்ல 30 நாள். பெயர், வயது, முகவரி எல்லாம் அதில் இருக்கும். 2017-இல் ஒருத்தர் அந்தக் காகிதத்தை செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து நாலு பிரிண்ட் கேட்டார். என்ன ஏது என்று பார்க்காமல் போட்டுக் கொடுத்தேன். இருபது ரூபாய் வாங்கினேன்.

கெடு முடிந்த அன்று அந்த அறிவிப்பில் இருந்த பையன் மட்டும் வந்தான். மூன்று சாட்சிகளும் கூட நின்றார்கள். சாயங்காலம் கதவு சாத்தும்வரை சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் வரவில்லை. அவளுக்கு என்ன ஆனது என்று இன்றுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், சாதி மாறிக் கல்யாணம் செய்த சங்கரை வெட்டினார்களே, அந்த சிசிடிவி காட்சியை நாம் எல்லோரும் பார்த்தோம். வயது வந்த இருவர் சம்மதித்தால் போதும், குடும்பமோ சாதியோ சம்மதிக்கத் தேவையில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஓடி வருகிற பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இல்லம் வேண்டும் என்றும் சொன்னது. எங்கள் மாவட்டத்தில் அது எப்படி நடக்கிறது என்று கேட்க வேண்டிய வேட்பாளர், யாருக்கு பயந்து ஓடி வருகிறார்களோ அவர்களிடமே கையெழுத்து வாங்கி வா என்கிறார்.

நேற்று சித்தப்பா கடைக்கு வந்தார். பூத் வேலை பார்க்கிறார். அந்தப் பேச்சையே துண்டறிக்கையாக்கி இரண்டாயிரம் காப்பி வேண்டுமாம்.

"நான் போடலீங் சித்தப்பா."

"ஏன் கண்ணு, ரோடு போட்டுத் தரேங்கறாரு. வேற என்ன வேணும் உனக்கு?"

"ரோடு நல்லதுதானுங். அந்தக் கையெழுத்துப் பேச்சுதான் எனக்கு ஆகல."

"நம்ம வீட்டுப் புள்ளை போனா இப்படிப் பேசுவியா?"

"பேசுவனுங். என் மகளே போனாலும் அவ உசுரோட இருக்கோணும் எனக்கு."

தேர்தல் துண்டறிக்கை என்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவுப்படி, அச்சிட்டவர் பெயரும் முகவரியும் அதிலேயே இருக்க வேண்டும். ஜெராக்ஸ் காப்பிக்கும் அதே விதிதான். அந்த நாலு பிரிண்டில் என் பெயர் இல்லை. இதில் இருக்கும். சித்தப்பா முகம் சுண்டிப்போய், மூலப் பிரதியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பேசாமல் வண்டியை எடுத்தார்.