மேட்டுக்கு அடியில்

“உள்ள எல்லாம் எப்படிண்ணே இருந்துச்சு?” என்று வண்டி வாங்க வந்த தம்பி கேட்டார். “கிளிப் எல்லாம் புதுசு தம்பி. டோர் பேட் இனி ஆடாது” என்றேன். சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. இரண்டு வருடமாக எனக்கு நானே இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வண்டி 1967 எம்ஜிபி, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், துணிக்கூரை மாடல். ஏற்காட்டில் எஸ்டேட் ஷெட்டில் பல வருடம் நின்றுவிட்டு, இருபது கொண்டை ஊசியும் லாரியில் இறங்கி வந்தது. “இன்டீரியர் மட்டும் பண்ணுப்பா. பாடியை நீ தொட வேண்டாம்” என்றார் ஓனர்.

டோர் பேட், அதாவது கதவின் உள்பக்கத்தை மூடுகிற போர்டு, அதைக் கழற்றுவதில் எனக்கு அவசரமே வராது. முதலில் கண்ணாடி ஏற்றுகிற ஹேண்டில், பிறகு கதவு திறக்கும் கைப்பிடி, அப்புறம்தான் ஓரத்துக் கிளிப்புகள். கிளிப்புக்கு நேராகப் பட்டையைச் செருகி நெம்ப வேண்டும். போர்டைப் பிடித்து இழுத்தால் கிளிப் கதவிலேயே நிற்கும், போர்டு மட்டும் பிய்ந்து கையோடு வரும். இந்த வண்டியில் போர்டின் அடிப்பாகம் நனைந்த அப்பளம் மாதிரி இருந்தது. கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் கதவின் அடித்துளையில் வெளியே போக வேண்டும். இங்கே துளை மண்ணில் அடைத்திருந்தது, நடுவில் இருக்க வேண்டிய பாலிதீன் தாளும் கிழிந்திருந்தது. பழைய போர்டை வைத்துக் கோடு போட்டுப் புதிதாக வெட்டினேன். ஓட்டை ஒரு நூல் நகர்ந்தாலும் ஹேண்டில் உட்காராது. இரண்டு கதவும் முதல் தடவையிலேயே உட்கார்ந்தன. அந்த சந்தோஷத்தோடுதான் தரையில் கிடந்த மேட்டை, கால் வைக்கிற விரிப்பை, கிளப்பினேன்.

அடியில் சணல் ஃபெல்ட், பிழிந்தால் தண்ணீர் வரும் போலிருந்தது. மலைப்பனி அத்தனையையும் அது குடித்து வைத்திருந்தது. கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டித்தகட்டை, சில் என்பார்களே, அதன் உள்பக்கம் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்தேன். அழுத்தவில்லை, உள்ளே போய்விட்டது. இந்த வண்டிக்குத் தனி சேசிஸ் கிடையாது. கெட்டியான கூரையும் கிடையாது. முன்னையும் பின்னையும் சேர்த்துப் பிடிக்கிற பாரம் பெரும்பாலும் அந்த இரண்டு சில்லுகள் மேல்தான். அது போனால் வண்டி நடுவில் தொய்ந்து, கதவின் மேல் இடைவெளி நெருங்கும். ஓட்டுநர் பக்கக் கதவை ஏன் தூக்கிச் சாத்த வேண்டியிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

போன் போட்டேன். “ஐயா, டிங்கரிங் பார்க்கணுங்க.”

“மேட்டை ஒட்டிடுப்பா. வாங்குறவன் பார்த்துக்குவான்.”

விற்கப் போகிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பார்த்துக்குவான் என்றால் சோதித்துப் பார்ப்பான் என்றா, செலவை அவன் ஏற்றுக்கொள்வான் என்றா? நான் கேட்கவில்லை. ஒட்டிய மேட்டுக்குள் எப்படிப் பார்ப்பான் என்றும் கேட்கவில்லை.

என் பக்க நியாயமும் இருக்கிறது. கூலி கொடுத்தவர் ஓனர். நான் குஷன்காரன், மதிப்புப் போடுகிற ஆள் இல்லை. பழைய வண்டி வாங்க வருகிறவர் கீழே படுத்துப் பார்க்க வேண்டும், காந்தம் வைத்துப் பார்க்க வேண்டும். சேலத்தில் இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஓனர் நிற்கும்போதே குட்டை உடைக்கிறவன் என்று பெயர் வந்தால் அடுத்த வண்டி என் கடைக்கு வராது.

இதெல்லாம் சரிதான். ஆனால் ஓட்டுநர் பக்க ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பசை போடாமல் விட்டிருக்கலாமே? அந்தத் தம்பி விரலால் இழுத்திருந்தால் மேட்டு வந்திருக்கும். நான் வாயே திறந்திருக்க வேண்டாம். நினைக்காமல் இல்லை, பசை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நினைத்தேன். ஆனால் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிற மேட்டு என் கடையிலிருந்து போகக்கூடாது என்று பட்டது. அரித்த தகட்டைச் சுரண்டி, துடைத்து, இரண்டு பக்கமும் பசை தடவி, காய விட்டு, மூலை மூலையாக அழுத்தினேன். அந்த ஓரம்தான் அந்த வண்டியிலேயே சுத்தமாக அமைந்த வேலை.

வண்டி போனதும் கடைப்பையன் சொன்னான்: “அவரு உள்ள எப்படின்னுதானேண்ணா கேட்டாரு? கதவைக் கேக்கலையே.” கடையைக் கூட்டச் சொன்னேன்.

அதற்கப்புறம் அந்தத் தம்பியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. நல்ல செய்தியாகவும் இருக்கலாம்.

போன மாதம் ஒரு ஹெரால்டு கார் வந்தது. மேட்டை எடுத்ததும் போனில் நாலு படம் பிடித்துக்கொண்டேன். அதன் ஓனர் பக்கத்திலேயே நின்றிருந்தார். “எதுக்குப்பா போட்டோ?”

“திரும்ப மாட்டுறப்ப வரிசை மறந்துடக் கூடாதுங்க” என்றேன். அதிலும் பொய் இல்லை.