எந்த வண்டி, எந்த நொடி: சுற்று நேரக் கருவி செய்து பார்த்த அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் குடியிருப்பின் திடலில் ரிமோட் கார் ஓட்டும் பிள்ளைகளுக்காகச் சுற்று நேரம், அதாவது தடத்தை ஒருமுறை சுற்றிவர ஆகும் நேரம், காட்டும் கருவி ஒன்றைச் செய்து வருகிறேன். சுற்று முடியும் கோட்டின் குறுக்கே ஓர் ஒளிக்கற்றையை வைத்தால் அது அறுபடும் நொடி தெரியுமே தவிர, அறுத்தது யாருடைய வண்டி என்பது தெரியாது. ஆகவே ஒவ்வொரு வண்டியும் தன் எண்ணைத் தானே அறிவித்துக்கொண்டு கடக்க வேண்டும்.

முறையான பந்தயத் தடங்களில் இவ்வேலையை டிரான்ஸ்பாண்டர் செய்கிறது. ரிமோட்டின் கட்டளைகளை வாங்கும் வண்டியின் ரிசீவரிலிருந்து மின்சாரம் பெறும் அச்சிறு பெட்டி தனக்குரிய எண்ணைத் திரும்பத் திரும்ப அனுப்ப, தடத்தின் அடியில் புதைத்த கம்பி வளையம் அதைக் காந்தப்புலத்தின் வழியே வாங்கி, எண்ணைப் பிரித்தறியும் டிகோடர் கருவிக்குத் தருகிறது. சமிக்ஞை உச்சத்தைத் தொடும் கணமே வண்டி கோட்டைக் கடந்த கணமாகக் கொள்ளப்படுகிறது. அந்தச் செலவு எங்களுக்குக் கட்டுப்படியாகாததால், வண்டியின் கூரையில் அகச்சிவப்பு எல்இடியும் கோட்டின் மேலே கட்டிய குறுக்குச் சட்டத்தில், விநாடிக்கு 38,000 முறை துடிக்கும் அகச்சிவப்பு ஒளியை உணரும் 38 கிலோஹெர்ட்ஸ் உணரியும் வைத்தேன்.

இதில் என்னை மிகவும் ஈர்த்தது காலக் கணக்குதான். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு விநாடியில் 10 மீட்டர் நகர்வதால், உணரி பார்க்கும் 30 சென்டிமீட்டர் அகலத்தை அது 30 மில்லி விநாடியில் கடந்துவிடும். தொலைக்காட்சி ரிமோட்டுகளில் பரவலாக உள்ள என்இசி குறியீட்டை ஒருமுறை அனுப்பவே ஏறத்தாழ 67 மில்லி விநாடி பிடிக்கும் என்பதால் அது இங்கே உதவாது. எனவே சுமார் 6 மில்லி விநாடியில் முடியும் குறுங்குறியீடு ஒன்றை எழுதினேன். இரண்டு வண்டிகள் ஒட்டிக்கொண்டு வரும்போது குறியீடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இரண்டுமே கெடக்கூடும். குறியீட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பும்போது ஒவ்வொரு முறையும் இடைவெளியை மாற்றி மாற்றி அனுப்பினால், ஒருமுறை மோதினாலும் அடுத்த முறை தப்பிவிடுகிறது. இந்தத் தீர்வின் எளிமை எனக்கு இன்னமும் வியப்பளிக்கிறது.

நேரத்தைக் கணினியில் குறிக்காமல் உணரியோடு இணைத்த ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையிலேயே குறித்து அனுப்புகிறேன். கணினி வேறு வேலையில் சற்றுத் தாமதித்தாலும் கணக்குப் பிசகாது. முதலில் கிடைத்த குறியீட்டுக்கும் கடைசியாகக் கிடைத்ததற்கும் நடுப்பட்ட கணத்தையே கடந்த நேரமாக எடுத்துக்கொள்கிறேன். சாய்வெயில் உணரியைத் திணறடித்ததால், அதைக் கறுப்புக் குழாய்க்குள் வைத்து நேர் கீழே பார்க்கும்படி பொருத்தியிருக்கிறேன். இனி நான்கு வண்டிகளையும் ஒன்றாக ஓடவிட்டு, தவறும் சுற்றுகளைக் காணொளியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.